ஆற்றை இழுத்துக் கட்டியவன்

ஒரு வேலையை உருப்படியாகக் கெடுக்கச் சோம்பேறியால் முடியாது. பாதியிலேயே அவனுக்குத் தூக்கம் வந்துவிடும், மீதி வேலை தப்பித்துக்கொள்ளும். ஓர் ஓரம்கூட மிச்சம் வைக்காமல் கெடுக்க வேண்டுமென்றால் விடாமுயற்சி வேண்டும், ஆள்பலம் வேண்டும், விடியற்காலையில் எழுந்திருக்கும் நல்ல பழக்கமும் வேண்டும். ஆரணியில் கமண்டல நாகநதியை நான் ஒரு கை பார்த்தபோது எனக்கு இதெல்லாம் தாராளமாக இருந்தது.

தொண்ணூறுகளின் கடைசி. நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன். கையெழுத்துப் போடுவேன். (ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ஆள் போட்ட மாதிரி வரும், அது தனிக் கதை.) வீட்டில் பட்டுத் தறி இருந்தது. ஆனால் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்ததுமே எனக்கு வாய் தானாகத் திறந்துகொள்ளும். நான் எதையாவது சொல்ல, பக்கத்துத் தறிக்காரர் சிரிக்க, அவர் கை தப்பி நூல் அறும். நைனா, அதாவது அப்பா, என்னைக் குழியிலிருந்து கிளப்பி வெளியே அனுப்பினார். மளிகைக் கடைக்குப் போனேன், நிலைக்கவில்லை. சினிமாக் கொட்டகையில் டார்ச் அடித்து சீட்டுக் காட்டும் வேலைக்குப் போனேன். தாமதமாக வருகிறவர்கள் பாவம் என்று, விட்டுப்போன கதையைக் காதில் சொல்லி உட்கார வைப்பேன். ஒருநாள் உற்சாகத்தில் இனிமேல் வரப்போகிற கதையையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். அன்றோடு அந்த டார்ச்சும் போயிற்று.

அதற்குள் கல்யாணமும் ஆகியிருந்தது. மல்லிகா சேத்துப்பட்டுப் பெண். கல்யாணமான புதிதில் நான் சொல்வதற்கெல்லாம் சிரித்தாள். ஒருநாள் சிரிக்காமல் புடவைகளை மடித்துப் பையில் வைத்தாள்.

"சிரிச்சிகினே பட்டினி கெடக்க என்னால ஆவாது. ஒரு வேலை, ஒண்ணே ஒண்ணு, ஆரம்பிச்ச எடத்துலேர்ந்து முடியற எடம் வரைக்கும் நீ முடி. அப்புறம் வந்து கூப்புடு, வரேன்."

"எந்த வேலைன்னாலும் பரவால்லியா?"

"கழுதைய குளிப்பாட்டற வேலைன்னாலும் பரவால்ல. முழுசா குளிப்பாட்டணும்."

போய்விட்டாள். எனக்குள் ஒரு வைராக்கியம் வந்து உட்கார்ந்தது. இனி எந்த வேலை கிடைத்தாலும் அதைக் கடைசி வரை முடிக்காமல் விடுவதில்லை. இந்த வைராக்கியம்தான் பின்னால் அத்தனைக்கும் காரணம்.

அந்தச் சமயத்தில்தான் சென்னையிலிருந்து சுகந்தி மேடம் வந்தார். என்னைவிடச் சின்னவர். தலையில் துணித்தொப்பி, காலில் ஷூ, கையில் சுத்தியல். பெரிய படிப்புக்காக ஆறுகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறார், கூடமாட ஒத்தாசைக்கு ஆள் வேண்டும் என்று பாலத்தோரம் இருந்த டீக்கடையில் விசாரித்திருக்கிறார். "ஊர்ல வேலை வெட்டி இல்லாத ஆள் யாராவது இருக்காங்களா?" என்று அவர் கேட்டதும், கடையில் இருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் என்னைக் கை காட்டினார்கள். ஊரில் எனக்கு இருந்த செல்வாக்கு அப்படி.

"ஆத்துல இன்னா மேடம் ஆராய்ச்சி? தண்ணியே இல்லியே" என்றேன்.

"தண்ணி இல்லாதப்பதான் அண்ணா ஆறு நல்லாத் தெரியும்" என்றார்.

எங்கள் ஆறு வருஷத்தில் பாதி நாள் மணல்தான். சீமைக்கருவேலம், ஆடு, மணல் ஏற்ற வரும் மாட்டுவண்டி, அவ்வளவுதான் அதில் ஓடும். ஆனால் மேடம் அதைப் பார்க்கும் விதமே வேறு. தண்ணீர் எந்த வழியாகப் போயிருக்கிறது, எங்கே அரித்திருக்கிறது, எங்கே மணலைக் கொட்டியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே நடப்பார். நான் பின்னால் குடை பிடித்துக்கொண்டு போவேன். (குடை அவருக்கல்ல, அவருடைய கருவிக்கு. வெயில் எனக்கு.)

"தண்ணி நேராப் போகவே போகாது அண்ணா. சின்னதா ஒரு மேடு இருந்தாலும் ஒதுங்கிப் போகும். ஒதுங்கின பக்கம் கரையில மோதி மண்ணை அரிக்கும். எதிர்ப்பக்கம் வேகம் குறையும், கொண்டு வந்த மணலை அங்க போட்டுடும். அரிச்ச பக்கம் இன்னும் குழிஞ்சு போகும், போட்ட பக்கம் இன்னும் முன்னால வரும். வளைவு வருஷா வருஷம் பெரிசாகிட்டே இருக்கும்."

"இத்த யாரும் கண்டிக்கவே இல்லியா மேடம்?"

மேடம் சிரித்தார். நான் கேட்டது நிஜமான கேள்வி.

அவர் செய்த வேலை இதுதான். பாலத்தில் தொடங்கி, தூரத்தில் தெரியும் இரட்டைப் பனைமரம் வரைக்கும் ஆற்றின் ஆழமான பாதையைக் கண்டுபிடிக்க வேண்டும். மூன்று கால் கருவியை நட்டு அவர் கண்ணை வைத்துப் பார்ப்பார். நான் எண்கள் போட்ட உயரமான கட்டையைப் பிடித்துக்கொண்டு இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நடப்பேன். எந்த இடம் எல்லாவற்றையும்விடப் பள்ளமோ அங்கே ஒரு குச்சி. கொஞ்சம் தள்ளி மறுபடியும் கரையிலிருந்து கரைக்கு நடை, மறுபடியும் ஒரு குச்சி. இப்படி வாரக்கணக்கில் நட்ட குச்சிகளையெல்லாம் கடைசியில் ஒரே நூலால் இணைத்தோம். வெள்ளம் வந்தால் அதன் முதுகெலும்பு அந்த நூல் வழியாகத்தான் போகும். மேடத்தின் நைலான் கயிற்றை ஆடு தின்றுவிட்டதால், என் வீட்டிலிருந்த முறுக்கு நூலைக் கொடுத்தேன். பெருமையாகத்தான் கொடுத்தேன்.

போதாததற்கு, வளைவில் இருந்த ஒரு பெரிய மணல் திட்டின் ஓரத்தை மேடம் கேக் வெட்டுவது போலச் செங்குத்தாக வெட்டி வைத்திருந்தார். உள்ளே வரிவரியாகத் தெரிந்தது. ஒவ்வொரு வரியும் ஒரு வெள்ளம் விட்டுப்போனதாம்.

புரட்டாசி முடியும் நேரம். மழை பிடித்துக்கொண்டால் எல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும். அதற்குள் அவருடைய புரொபசர் வந்து பாதை சரிதானா என்று பார்க்க வேண்டும், அப்புறம் டேப் பிடித்து நீளத்தை அளக்க வேண்டும். புரொபசரைக் கூட்டிவர மேடம் சென்னைக்குக் கிளம்பினார்.

"அண்ணா, நாங்க வர்ற வரைக்கும் பாத்துக்கோங்க. ஆடு மாடு பட்டு நூல் தொய்ஞ்சுதுன்னா இழுத்துக் கட்டிடுங்க. அவ்ளோதான்."

"நீங்க நிம்மதியா போய்ட்டு வாங்க மேடம். வந்து பாத்தீங்கன்னா அசந்துடுவீங்க."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். அசந்துதான் போனார்.

சேத்துப்பட்டுக்கு ஆள் சொல்லி அனுப்பினேன். 'வேலை முடியப் போகிறது, சென்னையிலிருந்து பெரியவரே வந்து பார்க்கப் போகிறார், மாமனாரையும் கூட்டிக்கொண்டு மல்லிகா நேரில் வந்து பார்க்கட்டும்.' வருகிறோம் என்று பதில் வந்தது. அவர்கள் வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் பாலத்தின் மேல் ஏறி நின்று, நாளைக்கு மல்லிகா எதைப் பார்ப்பாள் என்று நானும் ஒருமுறை பார்த்தேன்.

நூல் இந்தப் பக்கம் போகிறது, அந்தப் பக்கம் போகிறது, திரும்பி வருகிறது, குடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறவன் மாதிரி கிடக்கிறது. போதாக்குறைக்கு ஆட்டுமந்தை ஒன்று குறுக்கே போய் ஓரிடத்தில் தொய்ந்தும் கிடந்தது.

இங்கே எங்கள் ஊர்ப் பழக்கத்தைச் சொல்ல வேண்டும். தறியில் ஏற்றுவதற்கு முன்னால், நீளவாக்கில் போகிற நூலைத் தெரு நெடுக விறைப்பாக இழுத்துக் கட்டி, கஞ்சி தடவிக் காய வைப்போம். அதற்குப் பாவு என்று பெயர். பாவு கோணினால் புடவை கோணும். பிறந்ததிலிருந்து அதைப் பார்த்து வளர்ந்த கண், வளைந்து கிடக்கும் நூலைப் பார்த்தால் சும்மா இருக்காது. எங்கள் தெருவில் அப்படி ஒரு பாவைப் போட்டவனுக்கு யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள். கொடுத்த பெண்ணைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போவார்கள். எனக்கு ஏற்கனவே பாதி அப்படித்தான் ஆகியிருந்தது.

இன்னொரு பழக்கமும் உண்டு. பாவுக்கு ஆள் கூப்பிட்டால் எங்கள் தெருவில் யாரும் இல்லையென்று சொல்லக் கூடாது. இன்றைக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு. நேராகத் துரைசாமி அண்ணனிடம் போனேன். ஒற்றைக் கண்ணை மூடித் தெருக்கோடியைப் பார்த்து, "நடுவுல ஒரு நூலு தொய்யுதுடா" என்று சொல்லக்கூடிய மனிதர்.

"பாவு எத்தினி மொழம்டா?" என்றார்.

"பாலத்துலேர்ந்து ரெட்டப் பனமரம் வரைக்கும்ண்ணே."

துரைசாமி அண்ணன் டீ கிளாஸைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. வாழ்நாளில் அவ்வளவு நீளத்துக்கு யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை.

விடியும்போது தெருவே ஆற்றில் இருந்தது. கவட்டைக் குச்சி, சுத்தியல், மண்வெட்டி, தூக்கில் டீ. துரைசாமி அண்ணன் பாலத்தடியில் நின்று பனைமரத்தைக் குறி வைத்தார்.

"இன்னாடா இது, குச்சி கண்ட எடத்துல நட்டுகீது? எவன் நட்டான்?"

"நான்தாண்ணே புடிச்சேன். மேடம் சொல்லச் சொல்ல நட்டது."

"மெட்ராஸ்காரங்களுக்கு பாவு தெரியாதுடா. புடுங்குங்கடா எல்லாத்தையும்."

வாரக்கணக்கில் நட்ட குச்சிகள் ஒரு டீ ஆறுவதற்குள் கட்டாகி என் தோளில் ஏறின. அண்ணன் கை அசைக்க அசைக்க நேர்கோட்டில் மறுபடியும் அடித்துக்கொண்டே போனோம். வளைவுக்கு வந்ததும் மணல் திட்டு குறுக்கே நின்றது. நூலின் வயிறு அதில் உரசியது. (பாவு தரையில் உரசலாமா?) மண்வெட்டியால் திட்டைச் சரித்து நிரவினோம். மேடம் கேக் மாதிரி வெட்டிய பக்கம் கொஞ்சம் முரண்டு பிடித்தது, அதையும் சரிபண்ணினோம்.

அதற்கு மேல் போனால் ஒரு சின்னச் சிக்கல். ஆறு இடப்பக்கம் திரும்பிப் போய்விட்டது. நூல் நேராகப் போக வேண்டும். எதிரே கரை.

துரைசாமி அண்ணன் ஆற்றைப் பார்த்தார், நூலைப் பார்த்தார். "நூலு கரெக்டா கீது. ஆறுதான் வெலகிப் போய்கீது. கரை மேல ஏத்து" என்றார்.

ஏற்றினோம். மேலே கன்னியப்பன் என்பவரின் மல்லாட்டை (வேர்க்கடலை) நிலம். அவர் ஓடி வந்தார்.

"ஏம்பா, இன்னாபா குச்சி அடிக்கிறீங்க? ரோடு வருதா?"

"ரோடு இல்லீங்க. ஆறு" என்றேன்.

"எந்த ஆறு?"

"இந்த ஆறுதான். மெட்ராஸ்லேர்ந்து பெரியவரு வராரு, அவருகிட்ட கேட்டுக்குங்க."

கன்னியப்பன் முகம் வேர்க்கடலைத் தோல் மாதிரி ஆகிவிட்டது. நாங்கள் நிலத்தைத் தாண்டி, மறுபடியும் ஆற்றில் இறங்கி, பனைமரத்தில் கடைசி முடிச்சைப் போட்டோம். துரைசாமி அண்ணன் நூலை விரலால் சுண்டினார். தம்புரா மாதிரி அதிர்ந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வேலையை ஆரம்பித்த இடத்திலிருந்து முடிகிற இடம் வரைக்கும் முடித்திருந்தேன்.

மல்லிகாவும் மாமனாரும் முதலில் வந்தார்கள். மாமனார் பாலத்திலிருந்து பார்த்துவிட்டு, "ஸ்கேல் வெச்சு கோடு போட்டாப்புல கீது, மாப்ள" என்றார். மல்லிகாவின் முகம் இளகியிருந்தது. அப்போது ஜீப் வந்தது.

புரொபசர் இறங்கிப் பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். மேடமும் பார்த்தார்.

"சுகந்தி, உங்க ஆறு ஏன் கரையேறிப் போகுது?" என்றார் புரொபசர்.

மேடம் என்னைப் பார்த்தார். "அண்ணா... குச்சியெல்லாம்?"

"ஒண்ணுகூட தொலையல மேடம். எல்லாம் நேரா மாத்தி அடிச்சாச்சு."

"திட்டு?"

"அது குறுக்கால இருந்துச்சு மேடம். நிரவிட்டோம். இனிமே உங்களுக்கு பேஜாரே இல்ல."

மேடம் அப்படியே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு ஏதோ புரிய ஆரம்பித்தது. நான் முடித்தது வேலையை அல்ல, மேடத்தை.

துரைசாமி அண்ணனுக்கும் விஷயம் எட்டியது. "சார், ஒண்ணும் கவலப்படாதீங்கோ. திட்டு எப்படி இருந்துச்சோ அப்படியே மறுபடியும் வெச்சிக் குடுத்துடறோம்" என்றார்.

"அது ஒவ்வொரு வெள்ளத்துல ஒவ்வொரு அடுக்கா படிஞ்சதுங்க. பெரிய கல்லு அடியில, பருமணல் அதுக்கு மேல, பொடிமணல் மேல..."

"பெருசு கீழ, சிறுசு மேல. அவ்ளோதானே சார்? மத்தியானத்துக்குள்ள முடிச்சுடலாம்."

புரொபசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த நேரம் பார்த்துக் கன்னியப்பன் ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, பெரியவரே, என் நெலத்து வழியா ஆறு வேணாங்க. பக்கத்து நெலத்துல வுடுங்க. அவன் சும்மாதான் போட்டு வெச்சிகீறான்!"

புரொபசர் சிரித்துவிட்டார். பாலமே சிரித்தது. மேடமும் மல்லிகாவும் மட்டும் சிரிக்கவில்லை.

"நேர் நீளமும் நமக்கு வேணும்தான்" என்றார் புரொபசர், என்னைத் தேற்றுவதற்காக. "ஆத்தோட வளைஞ்ச நீளத்தை இந்த நேர் நீளத்தால வகுத்தாத்தான் ஆறு எவ்வளவு வளையுதுன்னு தெரியும்."

நெஞ்சு நிமிர்ந்தது. "அப்போ பாதி வேலை முடிஞ்சிடுச்சு சார்!"

"அது மேப்புல ஸ்கேலை வெச்சா ஒரு நிமிஷத்துல கிடைச்சுடும்ப்பா."

நிமிர்ந்த நெஞ்சு பழைய இடத்துக்கே போனது.

மாமனார் பையை எடுத்துக்கொண்டார். "வாம்மா, பஸ்ஸுக்கு நேரமாச்சு." முன்பெல்லாம் இந்த மாதிரி நேரத்தில் நான் ஒரு ஜோக் அடித்துவிட்டு இடத்தைக் காலி பண்ணுவேன். அன்றைக்கு வாயில் ஒன்றும் வரவில்லை. பாலத்திலிருந்து இறங்கி, முதல் குச்சியைப் பிடுங்கி, மேடத்தைப் பார்த்து, "எங்கேர்ந்து மேடம் ஆரம்பிக்கணும்?" என்றேன்.

"நீங்க எதையும் தொட வேணாம். ப்ளீஸ்."

"தொடலைன்னா முடியாதே மேடம். மழை வந்துடும்."

நான் குச்சியோடு நின்றேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மல்லிகாதான் மேடத்தின் பக்கத்தில் போய்க் குந்தினாள்.

"மேடம், நான் சொல்றத கேளுங்க. அவரு கையில குச்சிய மட்டும் குடுங்க. நூலைக் குடுக்காதீங்க. நூலை நான் புடிச்சிக்கிறேன்."

மேடம் அவளை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க யாரு?"

"இதோட பொண்டாட்டி" என்று என்னைக் காட்டினாள், ஏதோ தொலைந்த மாட்டை அடையாளம் சொல்கிற மாதிரி.

மாமனார் மட்டும் பஸ் ஏறினார். "இது உனக்காக இல்ல, அந்தப் பொண்ணு மூஞ்சிய பாத்துட்டுதான். வேலை முடியட்டும், அப்புறம் யோசிக்கிறேன்" என்று மல்லிகா எனக்குத் தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

மறுபடியும் முதலிலிருந்து. கருவி, கட்டை, கரைக்குக் கரை நடை. பழைய கணக்கு மேடத்திடம் இருந்ததால் பள்ளத்தைத் தேடும் வேலை கொஞ்சம் குறைந்தது. நான் குச்சி அடிப்பேன், மல்லிகா நூலைச் சுற்றுவாள். வளைவு வரும்போதெல்லாம் என் கை தானாக நூல் பக்கம் போகும். மல்லிகா சுத்தியல் காம்பால் முட்டியில் ஒன்று வைப்பாள். கரை அரித்த பக்கம் சுவர் மாதிரி நிற்பதையும், எதிர்ப்பக்கம் மணல் பாய் விரித்த மாதிரி சரிந்து வருவதையும் அப்போதுதான் நான் ஒழுங்காகப் பார்த்தேன். முதல்முறை அதே இடத்தில் நடந்தபோது நான் பேசிக்கொண்டே நடந்திருக்கிறேன். திட்டுக்குப் பதிலாகக் கீழே வேறொரு திட்டை மேடம் வெட்டினார். அதைச் சுற்றி முள் வெட்டிப் போட்டோம், என்னை உள்ளே விடாமல் இருக்க.

வானம் கறுத்துக்கொண்டே வந்தது. கடைசி நாள் தூறலிலேயே டேப் பிடித்தோம். பனைமரத்தடியில் மேடம் கணக்குப் போட்டு முடித்ததும் மல்லிகா எட்டிப் பார்த்தாள்.

"எவ்ளோ வந்துச்சு மேடம்?"

"ஒண்ணுக்கு மேல வந்திருக்கு. வளைய வளைய இந்த எண் ஏறும். சரியா ஒண்ணுன்னு வந்தா அது நேர்கோடு."

"அப்போ இவரு போட்டது?"

"சரியா ஒண்ணு" என்று மேடம் சிரித்தார். அன்றைக்குத்தான் திரும்பச் சிரித்தார். "உலகத்துல எந்த ஆறும் அந்த அளவுக்கு ஒழுங்கா இல்ல."

அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் சேத்துப்பட்டு பஸ் வந்து நின்றது. மல்லிகா பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்டக்டர் விசில் அடித்தார். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் பஸ் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டயர் நகர்ந்தது. திரும்பினேன், பை இன்னும் மடியில்தான் இருந்தது.

"இன்னா பாக்கற? ஈரத்துணியோட உக்காந்துகீறேன், ஜல்தி வீட்டுக்கு நட" என்றாள்.

மேடம் பிறகு பட்டம் வாங்கினார். நான் ஒரு பட்டுக் கடையில் மூட்டை சுமக்கும் வேலையில் நிலைத்தேன். பிள்ளைகள் பிறந்தார்கள். வீட்டில் யாராவது தலைவாரி வகிடு கோணலாக எடுத்தால்கூட, "நைனாவக் கூப்பிடு, இஸ்துக் கட்டுவாரு" என்பார்கள். என் மாமனார் இதைச் சேத்துப்பட்டு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டு, பெரணமல்லூர் பக்கம் கல்யாணங்களுக்குப் போகும்போது அங்கேயும் சொல்ல ஆரம்பித்தார்.

சில வருஷம் கழித்து ஒரு மழைக்காலத்தில் ஆறு கரைதொட்டு வந்தது. குடும்பத்தோடு பாலத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். செம்மண் தண்ணீர் நேராக வந்து, வளைவில் மோதி, கரையை ஒரு கடி கடித்துவிட்டு இடப்பக்கம் திரும்பிப் போனது. மாமனார் அத்தனை கூட்டத்துக்கு நடுவில் சத்தமாக, "மாப்ள, பாத்துகினே நிக்கறீங்களே, எறங்கிப் போய் கொஞ்சம் நேராக்கிட்டு வாங்க!" என்றார். பிள்ளைகள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தன.

பக்கத்தில் துண்டை முக்காடு போட்டு நின்ற பெரியவர் ஒருவர் சிரிக்கவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ரகசியமாகக் கேட்டார். "நெசமாவா தம்பி? எங்க ஊர்ல ஒரு வாய்க்கா கன்னாபின்னான்னு வளைஞ்சு போவுது. வந்து பாக்கறியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மல்லிகா குறுக்கே புகுந்தாள்.

"ஆரம்பிக்கறதுக்கு இவரு ஒருத்தரு போதுங்க. முடிக்கணும்னா நானும் வரணும்."